மாயா வண்ணக் கலங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாயா கலங்களின் படங்களைப் பார்ப்பவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேபோல் இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில். போகப் போகச் சிக்கலானவை வரும்.

மாயான்னா யாரு? இந்தப் பானைகளுக்கு என்ன வயசு இருக்கும்?

இன்றைய தென் மெக்சிகோ, குவாத்தமாலா, பெலீஸ், ஹோண்டுராஸின் மேற்குப் பகுதி, எல் சால்வடோரின் ஒரு பகுதி ஆகியவற்றில் வாழ்ந்தவர்கள், இன்றும் வாழ்பவர்கள். "மறைந்துபோன இனம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாயா குடும்ப மொழிகளைப் பல லட்சம் பேர் இப்போதும் வீட்டில் பேசுகிறார்கள். அந்தக் காலத்திலும் அது ஒரே பேரரசாக இருந்ததில்லை. திக்கால், கலக்முல், நரான்ஹோ என்று ஏராளமான சிற்றரசுகள் ஒன்றோடொன்று பெண் கொடுத்து, பெண் எடுத்து, போரிட்டு, விருந்து வைத்துக் காலம் தள்ளின. இந்த விருந்து விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கலங்களைப் புரிந்துகொள்ள அதுதான் சாவி.

கி.பி. 250 முதல் 900 வரையிலான காலத்தைச் செவ்வியல் காலம் என்கிறார்கள். நீங்கள் படத்தில் பார்த்து வியக்கும் கலங்களில் பெரும்பாலானவை அதன் கடைசி மூன்று நூற்றாண்டுகளில், அதாவது 600க்கும் 900க்கும் இடையில் செய்யப்பட்டவை.

இதை எதுக்குப் பயன்படுத்தினாங்க? சமைக்கவா, சாமிக்குப் படைக்கவா?

இரண்டும் முதன்மையான பயன் இல்லை. சமைக்க வண்ணம் தீட்டாத முரட்டுப் பானைகள் தனியாக இருந்தன. வண்ணக் கலங்கள் பரிமாறுவதற்கு. உயரமான உருளைக் குவளை கொக்கோ பானத்துக்கு; அகலமான கிண்ணம் மக்காச்சோளக் கஞ்சிக்கு; தட்டு தமாலேக்கு. தமாலே என்பது மக்காச்சோள மாவுக்குள் பூரணம் வைத்து, இலையில் பொதிந்து அவிப்பது, ஏறக்குறைய நம் இலைக் கொழுக்கட்டை மாதிரி. தட்டுகளில் தமாலே உருண்டைகள் அடுக்கி வைத்திருப்பதைக் குவளைகளின் ஓவியங்களிலேயே பார்க்கலாம்.

அரண்மனையில் விருந்துக்குப் பயன்பட்ட இதே கலங்கள் பின்னர் உரிமையாளரோடு கல்லறைக்குப் போயின. முழுசாகக் கிடைத்தவை பெரும்பாலும் கல்லறையிலிருந்து வந்தவை என்பதால் "ஈமக் கலம்" என்று முத்திரை குத்திவிட்டார்கள். பல அருங்காட்சியகங்களின் விளக்கப் பலகைகளில் இன்னும் "சடங்குக் கலம்" என்றே எழுதியிருக்கிறது. என்னவென்று உறுதியாகச் சொல்ல முடியாத எல்லாவற்றையும் சடங்கு என்று எழுதிவிடும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. இந்தக் கலங்களின் விஷயத்தில் அதற்கு அவசியமும் இல்லை. எதற்காகச் செய்யப்பட்டோம் என்பதை அவையே எழுத்தில் சொல்கின்றன.

குயவர் சக்கரமே இல்லைங்கறாங்க. அப்புறம் எப்படி இவ்வளவு சரியா வட்டம் வந்துச்சு?

சக்கரம் இல்லை என்பது உண்மை. களிமண்ணைத் திரியாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி அடுக்கி, உள்ளும் புறமும் தேய்த்துச் சுவரை மெல்லியதாக்கினார்கள். களிமண் தனியாக இருந்தால் வெடிக்கும் என்பதால் எரிமலைச் சாம்பலோ பொடித்த சுண்ணாம்புக் கல்லோ கலந்தார்கள். சுண்ணாம்பு கலந்தால் சூளையில் கவனம் தேவை. வெப்பம் மிகுந்துபோனால் சுண்ணாம்பு சிதைந்து, பின்னால் ஈரத்தை இழுத்து உப்பி, கலத்தின் மேல்தோலைப் பெயர்த்துவிடும். அதனால் மிதமான வெப்பத்தில் திறந்த வெளியிலோ குழியிலோ சுட்டார்கள். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்த கையை நினைத்துப் பாருங்கள்.

இந்தப் பளபளப்பு என்ன, கண்ணாடி மெருகா? நீலம் ஏன் இல்லை?

கண்ணாடி மெருகு கிடையாது. மிக நுண்ணிய களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, அதில் கனிமத் தாதுக்களைக் கலந்து செய்த மண்குழம்புதான் வண்ணம். இரும்புத் தாதுவிலிருந்து சிவப்பும் ஆரஞ்சும், மாங்கனீசு கலந்த தாதுவிலிருந்து கறுப்பு, வெளிர்மண்ணிலிருந்து பாலாடை நிறம். காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு அது.

சூளைத் தீயைத் தாங்கும் நிறங்களை மட்டுமே சுடுவதற்கு முன் தீட்ட முடியும். புகழ்பெற்ற மாயா நீலம் அவுரிச் சாயத்தை ஒருவகைக் களிமண்ணோடு சேர்த்துச் செய்தது. அது சூளை வெப்பத்துக்கு நிற்காது. நீலம், பச்சை வேண்டுமென்றால் கலத்தைச் சுட்டபின் சுண்ணச்சாந்து பூசி அதன்மேல் தீட்டுவார்கள். அப்படிச் செய்தவை எளிதில் உதிரும், குடிக்கக் கையில் எடுத்துப் புழங்க உதவாது. திக்கால் கல்லறைகளில் அந்த வகை கிடைத்திருக்கிறது.

விளிம்பைச் சுத்திக் கட்டம் கட்டமா இருக்கே, அது டிசைனா எழுத்தா?

பெரும்பாலும் எழுத்து. மாயா எழுத்தில் ஒவ்வொரு கட்டமும் ஒரு சொல் அல்லது சொற்கூட்டம். சில குறிகள் முழுச் சொல்லைக் குறிக்கும், சில வெறும் அசையைக் குறிக்கும். அசை ஒலி இருக்கிறது என்பதை ரஷ்ய அறிஞர் யூரி க்னோரொசோவ் 1952இல் காட்டினார். அதை மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

"பெரும்பாலும்" என்று சொன்னதற்குக் காரணம், எழுத்து மாதிரி மட்டுமே இருக்கும் கலங்களும் நிறைய உண்டு. ஒரே குறியைத் திரும்பத் திரும்பப் போட்டு விளிம்பை நிரப்பியிருப்பார்கள். படித்தால் எதுவும் வராது. அவை போலி என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அந்தக் காலத்திலேயே எழுதப் படிக்கத் தெரியாத ஓவியர், அரண்மனைக் கலத்தின் மதிப்பு தன் கலத்துக்கும் கிடைக்கட்டும் என்று போட்டது அது.

சரி, எழுத்து இருக்கிறதுல என்னதான் எழுதியிருக்கு? மந்திரமா?

மந்திரம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1971இல் நியூயார்க்கில் மாயா எழுத்துகள் பற்றி ஒரு கண்காட்சியை அமைத்த தொல்லியலாளர் மைக்கேல் கோ, பல கலங்களின் விளிம்பில் ஒரே குறிகள் ஒரே வரிசையில் வருவதைக் கவனித்தார். நல்ல கண். ஆனால் அது இறந்தவர் பாதாளம் போகும்போது பாடும் பாடலாக இருக்கும் என்று ஊகித்தார். கலங்கள் கல்லறையில் கிடைத்தவை அல்லவா, ஊகம் அந்தப் பக்கம் போனது.

1980களில் டேவிட் ஸ்டூவர்ட், ஸ்டீபன் ஹூஸ்டன், நிகோலாய் க்ரூபே, பார்பரா மெக்லவுட் போன்ற மாயா எழுத்து ஆய்வாளர்கள் அந்த வரிசையைத் துண்டு துண்டாகப் படித்தபோது விஷயம் தலைகீழானது. வாசகம் ஏறக்குறைய இப்படிப் போகிறது: இதன் மேல் தீட்டப்பட்டது, இது குடிகலம், இன்ன வகைக் கொக்கோவுக்கு, இன்னாருடையது. கடைசியில் உரிமையாளரின் பெயர், பட்டங்கள், சில சமயம் அப்பா அம்மா பெயரும்.

வெறும் பெயர்ச்சீட்டுதானா என்று சிலர் ஏமாற்றமடைகிறார்கள். எனக்கு இது பாடலைவிட மேல். ஒரு சமூகம் எதை, யாருக்கு, எந்தப் பாத்திரத்தில் ஊற்றியது என்பதைப் பாத்திரமே சொல்கிறது. கல்வெட்டுகளில் அரசர்களின் பிறப்பும் பட்டாபிஷேகமும் போரும்தான் இருக்கின்றன. குடிக்கிறதும் சாப்பிடுவதும் இங்கேதான் இருக்கிறது.

சாக்லேட் குடிச்சாங்கன்னு எழுத்தை வச்சு மட்டும் எப்படி உறுதியா சொல்றீங்க?

எழுத்தை மட்டும் வைத்து இல்லை. குவாத்தமாலாவின் வடகிழக்கு மூலையில் ரியோ அசூல் என்ற இடத்தில் 1984இல் கொள்ளையர் கை படாத ஒரு கல்லறை கிடைத்தது. உள்ளே ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு வினோதமான ஜாடி. மூடியைத் திருகிப் பூட்டலாம், மேலே கைப்பிடி இருக்கிறது. சுண்ணச்சாந்து பூசி எழுத்துகள் தீட்டியிருந்தார்கள். அதில் 'ககாவ்', அதாவது கொக்கோ, என்ற சொல்லை டேவிட் ஸ்டூவர்ட் படித்தார். அசைக் குறிகளில் ஒன்று மீன் வடிவத்தில் இருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் எந்தக் குவளையிலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

ஜாடிக்குள் ஒட்டியிருந்த படிவை ஹெர்ஷி சாக்லேட் நிறுவனத்தின் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். தியோபுரோமின், காஃபின் இரண்டும் சேர்ந்து இருந்தன. அந்தப் பகுதித் தாவரங்களில் இரண்டும் சேர்ந்து இப்படிக் காணப்படுவது கொக்கோவில்தான். எழுத்து வாசிப்பும் வேதியியலும் ஒன்றையொன்று உறுதிசெய்தன. பின்னர் பெலீஸின் கொல்ஹா என்ற இடத்தில் கிடைத்த, கி.மு. 600 வாக்கிலான மூக்குவைத்த பானைகளிலும் கொக்கோ எச்சம் இருப்பது 2002இல் வெளியானது.

நாம குடிக்கிற மாதிரி பால், சர்க்கரை போட்டதா?

பால் இல்லை, கறவை மாடே அங்கே கிடையாது. கரும்புச் சர்க்கரையும் ஐரோப்பியர் கொண்டுவந்ததுதான். வறுத்து அரைத்த கொக்கோவைத் தண்ணீரில் கரைத்து, சில சமயம் மக்காச்சோள மாவு, மிளகாய், மணமுள்ள பூக்கள், தேன் சேர்ப்பார்கள். நுரைதான் முக்கியம். உயரத்திலிருந்து ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி நுரை வரவழைப்பார்கள்.

கொக்கோ கொட்டை பணமாகவும் செயல்பட்டது. போனம்பாக் என்ற மாயா ஊரின் சுவரோவியத்தில் ஒரு மூட்டையின் மேல் எட்டாயிரத்தின் ஐந்து மடங்கு, அதாவது 40,000 கொட்டை என்று எழுதியிருக்கிறது. ஆக, விருந்தாளிக்குக் கொக்கோ ஊற்றிக் கொடுப்பது பணத்தையே கரைத்துக் கொடுப்பதற்குச் சமம். அதைச் சாதாரணக் குவளையில் கொடுக்க மனம் வருமா?

ஒரே ஒரு கலத்தைக் காட்டி விளக்குங்க. எங்கே பார்க்கணும், எப்படிப் பார்க்கணும்?

பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கும் குவளையை எடுத்துக்கொள்வோம். உயரம் 21.5 சென்டிமீட்டர்தான். வடக்கு குவாத்தமாலாவின் நக்பே வட்டாரத்தில் ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலோ செய்தது. பாலாடை நிறத்தில் கறுப்புக் கோடு, விளிம்பிலும் அடியிலும் சிவப்புப் பட்டை. மாயா மடிப்பு ஏடுகள் எப்படி இருந்திருக்குமோ அந்த மாதிரி இருப்பதால் இதை நூல் பாணி என்கிறார்கள்.

அரண்மனையில் ஒரு கிழட்டுக் கடவுள் உட்கார்ந்திருக்கிறார். வியாபாரத்துக்கும் பாதாளத்துக்கும் உரியவர். பல் போன வாய், தலையில் ஆந்தை வைத்த அகலத் தொப்பி. அவரது உண்மைப் பெயர் குறித்துக் கருத்து வேறுபாடு இருப்பதால் அறிஞர்கள் எல் (L) கடவுள் என்று ஆங்கில எழுத்தால் இட்ட பழைய பெயரையே வைத்திருக்கிறார்கள். அவரைச் சுற்றி ஐந்து அழகிய பெண்கள். அவர் ஒருத்தியின் மணிக்கட்டில் காப்பு கட்டுவதிலேயே கவனமாக இருக்கிறார். இன்னொருத்தி நின்றபடி ஒரு குவளையிலிருந்து கீழே ஊற்றுகிறாள். மேலே சொன்ன நுரை வேலை இதுதான். மேடைக்குக் கீழே ஒரு முயல் உட்கார்ந்து, சிறுத்தைத் தோல் அட்டை போட்ட ஏட்டில் எழுதிக்கொண்டிருக்கிறது.

இப்போது குவளையைத் திருப்புங்கள். மறுபக்கத்தில் முகமூடி போட்ட இரண்டு பேர், கட்டப்பட்ட ஒருவனின் தலையை வெட்டுகிறார்கள். இரண்டு காட்சிக்கும் இடையே என்ன உறவு? ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பாதத்தைப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவள் அவளைத் தட்டி, அங்கே என்ன நடக்கிறது பார் என்கிறாள். அவள் தலையைத் திருப்புகிறாள். குவளையைக் கையில் வைத்திருப்பவரும் அவளோடு சேர்ந்து திருப்பித்தான் பார்க்க முடியும். விளிம்பு வாசகம் இதன் உரிமையாளர் முவான் கூக் என்கிறது.

அந்த முயல் ஏன்? காமெடியா?

காமெடிதான், பின்னால் ஒரு கதையும் இருக்கிறது. வேறொரு புகழ்பெற்ற குவளையில் இதே எல் கடவுள் உடையெல்லாம் பறிபோய், அம்மணமாக முயலின் முன் நிற்கிறார். முயல் அவரது தொப்பியையும் துணியையும் கோலையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. மறுபக்கத்தில் அவர் சூரியக் கடவுளிடம் போய் மண்டியிட்டு, முயல் என் உடைமைகளை எடுத்துக்கொண்டது என்று முறையிடுகிறார். முயலோ சூரியக் கடவுளின் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது. பேச்சுகள் தன்மை இடத்தில், வாயிலிருந்து வரும் மெல்லிய கோட்டோடு இணைத்து எழுதப்பட்டிருக்கின்றன.

கல்லில் செதுக்கிய மாயா அரசர்கள் எல்லோரும் விறைப்பாக நிற்பார்கள். குவளையில்தான் சிரிப்பு, குடிபோதை, குள்ளர்கள், வாத்தியக்காரர்கள், வயிறு பெருத்த பிரபுக்கள் எல்லாம். அரசு அறிவிப்புக்கும் விருந்து மேசைக்கும் உள்ள வித்தியாசம்.

வரைஞ்சவங்க யாரு? கூலிக்கு வேலை செஞ்ச குயவர்களா?

கலத்தைக் கட்டியவரும் வரைந்தவரும் ஒருவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. கையெழுத்துகள் வரைந்தவரைத்தான் சொல்கின்றன. நரான்ஹோ அரசைச் சேர்ந்த அஹ் மஷாம் என்ற ஓவியர் தன் கலத்தில் பெயர் போட்டதோடு நிற்கவில்லை. தான் அரசரின் மகன், அம்மா யஷ்ஹா ஊர் இளவரசி என்றும் எழுதியிருக்கிறார். பட்டத்துக்கு வராத இளவரசர்கள் தூரிகை பிடித்தார்கள் என்று கொள்ளலாம்.

அகழாய்வும் இதற்கு ஒத்துப்போகிறது. அகுவத்தேகா நகரம் 810 வாக்கில் எதிரிகளால் தாக்கப்பட்டு எரிந்தது. மக்கள் போட்டது போட்டபடி ஓடினார்கள். தகேஷி இனோமாதா குழு தோண்டியபோது, பிரபுக்களின் வீடுகளிலேயே வண்ணம் அரைக்கும் கல்லும் குழவியும், சங்கை அறுத்துச் செய்த மைக்கூடும் கிடைத்தன. வேலை அரண்மனையை அடுத்த வீட்டில் நடந்திருக்கிறது.

நரான்ஹோ ராஜாவோட குவளை வேற ஊர்ல கிடைச்சுதாமே, திருட்டா?

இல்லை, பரிசு. பெலீஸில் புவேனாவிஸ்டா தெல் காயோ என்ற சிறிய ஊரில் 1988இல் ஜெனிஃபர் டாஷெக், ஜோசப் பால் இருவரும் தோண்டிய ஒரு கல்லறையில், இளைஞர் ஒருவரின் எலும்புகளோடு அழகான குவளை ஒன்று கிடைத்தது. மக்காச்சோளக் கடவுள் நடனமாடும் ஓவியம். விளிம்பில் காஹ்க் திலிவ் சான் சாக் என்று பெயர். அவர் 693இல், ஐந்து வயதில், நரான்ஹோ அரியணை ஏறியவர். பெரிய அரசர் தன் பெயர் பொறித்த குடிகலத்தைக் கீழ்ப்பட்ட ஊர்த் தலைவருக்குக் கொடுத்து உறவை உறுதிப்படுத்தியிருக்கிறார்.

இந்தக் குவளையை அடிக்கடி எடுத்துக்காட்டுவதற்குக் காரணம் அதன் அழகு மட்டுமில்லை. எங்கே, எந்தக் கல்லறையில், யார் பக்கத்தில் இருந்தது என்பது நமக்குத் தெரிகிறது. இதே குவளை கொள்ளையர் கையில் போயிருந்தால், பெயரைப் படித்துவிட்டு "நரான்ஹோ அரசர் கல்லறையிலிருந்து வந்தது" என்று எல்லோரும் எழுதியிருப்பார்கள்.

சிலதுல பேய் பிசாசு மாதிரி உருவங்கள் இருக்கே, எலும்புக்கூடு, நெருப்பு கக்குற சிறுத்தை... அதெல்லாம் சாமியா?

சாமி இல்லை. அவற்றை 'வாய்' என்ற மாயாச் சொல்லால் எழுத்து குறிக்கிறது, நம் வாய் அல்ல. ஒரு மனிதரின் அல்லது அரச குலத்தின் மறு உருவம், தூக்கத்தில் வெளியே உலாவும் துணை ஆவி. நோயாக வந்து பிறரைப் பிடிக்கும் என்ற பொருளும் சேர்ந்தது. ஒவ்வொரு உருவத்தின் பக்கத்திலும் அதன் பெயரும் எந்த அரசுக்கு உரியது என்பதும் எழுதியிருக்கும்.

இந்தச் சொல் படிக்கப்பட்டபோது ஒரு பழைய விளக்கம் விழுந்தது. அல்தார் தே சக்ரிஃபிசியோஸ் என்ற இடத்தில் 1962இல் கிடைத்த, 754ஆம் ஆண்டு எழுதப்பட்ட குவளையில் ஆறு வினோத உருவங்கள். ரிச்சர்ட் ஆடம்ஸ் அவர்களை ஒரு பெண்ணின் இறுதிச் சடங்குக்குப் பல நகரங்களிலிருந்து வந்த பிரமுகர்கள் என்று விளக்கினார். 1989இல் ஹூஸ்டனும் ஸ்டூவர்ட்டும் 'வாய்' குறியைப் படித்த பிறகு, வந்தவர்கள் பிரமுகர்கள் இல்லை, ஆவிகள் என்று ஆனது.

போபோல் வூ கதைகளைத்தான் இதுல வரைஞ்சிருக்காங்களா?

நேராக ஆம் என்று சொல்ல முடியாது. போபோல் வூ என்பது குவாத்தமாலா மலைப்பகுதியின் கிச்சே மாயா மக்கள் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் லத்தீன் எழுத்தில் எழுதிவைத்தது. நமக்குக் கிடைத்திருப்பது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதிரியார் ஃபிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் எடுத்த படி. கலங்கள் அதற்கு எண்ணூறு ஆண்டு முந்தியவை, வேறு வட்டாரத்தவை.

ஆனாலும் பொதுச் சொத்து நிறைய. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஒரு தட்டு இருக்கிறது. ஆமை ஓடு பிளந்து, அதிலிருந்து மக்காச்சோளக் கடவுள் எழுகிறார். இரு பக்கமும் இரட்டையர். ஒருவர் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிறார். போபோல் வூவிலும் இரட்டையர் பாதாளத்தில் தந்தையைத் தேடிப் போகிறார்கள். அங்கே தந்தை முழுதாக மீள்வதில்லை, பந்தாட்டக் களத்திலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். தட்டிலோ அவர் முளைத்து நிற்கிறார். ஒரே கதையின் இரண்டு வடிவங்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். கலத்தில் காணும் எல்லாவற்றுக்கும் போபோல் வூவில் பக்கம் தேடுவது வேண்டாத வேலை. முயல் கதை அதில் இல்லவே இல்லை.

இவங்க புத்தகமே எழுதலையா? ஏன் பானையையே பிடிச்சுத் தொங்குறீங்க?

நிறைய எழுதினார்கள். மரப்பட்டைத் தாளில் மடிப்பு ஏடுகள். ஈரக் காட்டில் பெரும்பகுதி மக்கியது. மிஞ்சியதை ஸ்பானியர் எரித்தார்கள். 1562இல் மானி என்ற ஊரில் பாதிரியார் தியேகோ தே லாந்தா முன்னின்று எரித்தது நன்கு பதிவான நிகழ்ச்சி. இன்று எஞ்சியவை நான்கே ஏடுகள்; நான்கும் செவ்வியல் காலத்துக்குப் பிந்தியவை. அந்தக் காலத்து ஓவியர் ஏட்டில் எப்படி வரைந்திருப்பார் என்று அறிய நமக்குக் கலங்களை விட்டால் சில சுவரோவியங்கள்தான்.

தட்டு நடுவுல ஓட்டை போட்டிருக்காங்களே, உடைஞ்சதா?

வேண்டுமென்றே போட்டது. கல்லறையில் வைக்கும்போது தட்டைத் துளைத்து, அதன் உயிரை விடுவித்தார்கள் என்று பொதுவாக விளக்குகிறார்கள். ஓவியத்தின் முகத்திலேயே துளை விழுந்திருப்பதும் உண்டு.

படத்துக்குக் கீழ கே-511, கே-1892ன்னு நம்பர் வருதே, அது என்ன?

ஜஸ்டின் கெர் என்ற நியூயார்க் புகைப்படக்காரர் கொடுத்த வரிசை எண். உருளையான குவளையை எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் பாதி ஓவியம் மறைந்துபோகும். அவர் 1970களில் ஒரு கேமராவை அமைத்தார்: குவளை சுழல்மேசையில் சுற்ற, அதே வேகத்தில் பிலிம் ஒரு மெல்லிய பிளவின் பின்னால் நகரும். முழு ஓவியமும் நீளப் பட்டையாக விரிந்து கிடைக்கும். படங்களை எல்லோரும் பார்க்கத் திறந்துவிட்டார். மேலே சொன்ன வாசிப்புகள் வேகமாக நடந்ததற்கு அது பெரிய காரணம். 511 பிரின்ஸ்டன் குவளை, 1892 ஆமை ஓட்டுத் தட்டு.

ஒரு எச்சரிக்கை: விரித்த படம் ஓவியரின் சூழ்ச்சியைக் கெடுத்துவிடும். பிரின்ஸ்டன் குவளையில் தலை வெட்டுவதும் காப்பு கட்டுவதும் ஒரே நேரத்தில் கண்ணில் படக் கூடாது. விரித்தால் பட்டுவிடும்.

நம்ம மயன்தான் மாயாவா? தமிழர்கள் போய்க் கட்டினதுன்னு வீடியோல சொன்னாங்களே?

இல்லை. மாயா மொழிகளுக்கும் தமிழுக்கும் உறவு இல்லை; எழுத்து வேறு, நாட்காட்டி வேறு, தாவரங்களும் உணவும் வேறு. இரு கரைக்கும் இடையே போக்குவரத்து இருந்ததற்கு மண்ணுக்கடியிலிருந்து ஒரு பொருளும் கிடைக்கவில்லை. அவர்கள் செய்ததை அவர்கள் பெயரிலேயே விட்டுவிடலாம். கையெழுத்து வேறு போட்டிருக்கிறார்கள்.

மியூசியத்துல "கண்டெடுத்த இடம் தெரியவில்லை"ன்னே போட்டிருக்காங்க. ஏன்?

பெரும்பாலும் கொள்ளையில் வந்தவை என்பதால். 1960களிலிருந்து அமெரிக்க, ஐரோப்பியச் சந்தையில் மாயா கலங்களுக்கு விலை ஏறியது. வட குவாத்தமாலாவின் பெத்தேன் காடுகளில் கூலிக்கு ஆள் வைத்து மேடுகளைக் குடைந்தார்கள். கல்லறையில் இருந்த எலும்பையும் சாதாரணப் பானையையும் எறிந்துவிட்டு வண்ணக் கலத்தை மட்டும் எடுத்துப் போனார்கள். ரியோ அசூலில் அந்தப் பூட்டு ஜாடி தப்பியது அதிர்ஷ்டம். அதே ஊரில் மற்றக் கல்லறைகளைக் கொள்ளையர் காலிசெய்திருந்ததை 1981இல் இயன் கிரஹாம் போய்ப் பார்த்து வெளியே சொன்ன பிறகுதான் முறையான அகழாய்வே தொடங்கியது.

1970இல் பண்பாட்டுப் பொருட்களின் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை வந்தது. பெத்தேன் பொருட்கள் இறக்குமதிக்கு 1991இல் அமெரிக்கா அவசரத் தடை போட்டது. 1997இல் குவாத்தமாலாவோடு ஒப்பந்தம் செய்தது. அதற்குள் பெரும்பாலானவை போய்விட்டன.

இடமே தெரியாதுன்னா நக்பேல செஞ்சது, நரான்ஹோல செஞ்சதுன்னு எதை வச்சு சொல்றாங்க?

மண்ணை வைத்து. கலத்தின் அடியில் சிறு துளையிட்டு ஒரு சிட்டிகை தூள் எடுத்து, அணு உலையில் நியூட்ரான்களால் தாக்கினால், அதில் உள்ள அரிய தனிமங்களின் அளவு தெரியும். முறையாகத் தோண்டி எடுத்த ஓட்டாஞ்சில்லுகளின் அளவோடு ஒப்பிட்டால் எந்த வட்டாரக் களிமண் என்று சொல்லலாம். ரொனால்ட் பிஷப்பும் டோரி ரீன்ட்ஸ்-பூடேயும் ஏராளமான கலங்களை இப்படி ஆராய்ந்தார்கள். நூல் பாணிக் கலங்கள் நக்பே வட்டாரத்தவை என்பது இப்படித்தான் உறுதியானது. பாணியும் உதவும்: மோத்துல் தே சான் ஹொசே என்ற ஊரின் ஓவியர்கள் எழுத்தை இளஞ்சிவப்பில் எழுதுவார்கள், நடனமாடுபவரின் முகமூடியைக் குறுக்கே வெட்டியதுபோல் வரைந்து உள்ளிருக்கும் முகத்தையும் காட்டுவார்கள். சாமா என்ற ஊரின் பாணி என்றால் விளிம்பில் கறுப்பு வெள்ளை அம்புமுனைப் பட்டை.

ஆனால் மண் சொல்வது செய்த இடத்தை. புதைத்த இடத்தை அல்ல. புவேனாவிஸ்டா குவளை பற்றி மேலே சொன்னதை மறுபடி படித்தால் இரண்டுக்கும் உள்ள தூரம் புரியும். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற பாதி எந்த உலையிலும் கிடைக்காது.

கொள்ளைப் பொருளை வச்சு ஆராய்ச்சி பண்றது தப்பில்லையா?

அறிஞர்களே இரண்டு பட்டிருக்கிறார்கள். ஆராய்ச்சிக் கட்டுரையில் படம் வந்தாலே சந்தையில் விலை ஏறும், ஆகவே தொடவே கூடாது என்பது ஒரு தரப்பு. தொடாமல் விட்டால் வாசகமும் போய்விடும் என்பது மறு தரப்பு. படிப்பதில் தவறில்லை, ஆனால் சொந்தக்காரருக்காக அதன் மதிப்பைச் சான்றளித்துக் கொடுப்பது தவறு என்பது என் கட்சி.

இவ்வளவு நல்லாச் செஞ்சவங்க ஏன் நிறுத்திட்டாங்க?

ஒன்பதாம் நூற்றாண்டில் தென் தாழ்நில அரசவைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. போர், வறட்சி, அரசர்மேல் நம்பிக்கை போனது என்று பல காரணங்கள். விருந்து வைக்க அரசர் இல்லை, பெயர் பொறிக்க ஆள் இல்லை, வரைய இளவரசர் இல்லை. மண்பாண்டத் தொழில் தொடர்ந்தது. மெல்லிய ஆரஞ்சுக் கலங்களில் அச்சுப் புடைப்பு வேலை வந்தது. பெயர் எழுதிய கொக்கோக் குவளைதான் நின்றது.

ஏலத்துல விக்கிறாங்களே, ஒண்ணு வாங்கலாமா? போலியான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

வாங்காதீர்கள். உண்மையானால் பெரும்பாலும் கொள்ளை, இல்லையானால் போலி. மூன்றாவது வகை இன்னும் மோசம்: கலம் பழையது, ஓவியம் புதியது. அழிந்துபோன வண்ணத்தின் மேல் சந்தைக்காக மறுபடி தீட்டியிருப்பார்கள். களிமண் கடைசியாக எப்போது சுடப்பட்டது என்று சொல்லும் வெப்ப ஒளிர்வுச் சோதனை அதில் ஏமாந்துவிடும்; மண் உண்மையிலேயே பழையதாயிற்றே. புற ஊதா விளக்கில் புதுப் பூச்சு வேறு நிறத்தில் தெரியும், கரைப்பானில் நனைத்த பஞ்சில் ஒட்டிக்கொண்டு வரும். எழுத்து தெரிந்தவர் இலக்கணப் பிழையையும் பிடிப்பார்.

பார்க்க ஆசை என்றால் குவாத்தமாலா நகரில் போபோல் வூ அருங்காட்சியகமும் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகமும் இருக்கின்றன. லண்டன் போகிறவர்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நெபாஹ் ஊரில் கிடைத்த ஃபென்டன் குவளையைக் கேளுங்கள். பிரபுவுக்குக் கப்பம் கட்டும் காட்சி, பின்னால் ஒருவர் ஏட்டில் கணக்கு எழுதுகிறார். கையில் ஒன்று வேண்டும் என்றால் மெக்சிகோவின் திகுல் ஊர்க் குயவர்கள் நல்ல நகல்கள் செய்கிறார்கள். நகல் என்று ரசீதில் தெளிவாக எழுதி வாங்குங்கள், சுங்கத்தில் கேட்டால் காட்டலாம்.